நீட் தேர்வில் எதை விடுவது?

நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதாலேயே "ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்" என்பது பயிற்சி வகுப்புகளிலும் வீடுகளிலும் வேதவாக்காகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் இதைவிடக் கெடுதலானது வேறில்லை என்பது என் கருத்து. உயிரியலின் 90 வினாக்களில் பெரும்பகுதி, பாடநூலை ஊன்றிப் படித்தவருக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது; இயற்பியலின் 45 வினாக்களிலோ, வழி தெரிந்தவரையே இரண்டு மூன்று நிமிடம் உட்கார வைப்பவை பல. இரண்டுக்கும் மதிப்பெண் நான்குதான். ஆகவே நிமிடத்தைச் சமமாகப் பங்கிடும் கணக்கு, எளிய வினாக்களில் மாணவரைத் தேவையில்லாமல் நிதானப்படுத்திவிட்டுக் கடினமானவற்றில் பதற வைக்கிறது.

நேர மேலாண்மை என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு, எந்த வினாவை எப்போது விட்டுவிட்டு நகர்வது என்பதுதான். நம் பள்ளிப் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள், அதன்பின் மூன்று மணி நேரம் இருக்கிறது, பாதி தெரிந்த விடையை எழுதினாலும் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும், வீடு திரும்பியதும் கேட்கப்படும் முதல் கேள்வியே "எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி வளர்ந்த பிள்ளை, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிபோகும் ஒரு தேர்வில், தெரியாத வினாவைத் தாண்டிச் செல்வதையே தோல்வியாக எண்ணிக்கொள்கிறது. மூன்று நிமிடம் போராடித் தவறான வட்டத்தை நிரப்பியவருக்கு அந்த ஒரு மதிப்பெண் மட்டுமா நட்டம்? அதே நேரத்தில் முடித்திருக்கக்கூடிய உயிரியல் வினாக்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

2025-ஆம் ஆண்டுத் தாள் இதைக் கண்கூடாகக் காட்டியது. இயற்பியல் பகுதி அவ்வளவு கடினமாக இருந்ததால், நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 720-க்கு 686-ஆக நின்றது. அத்தகைய தாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட நினைத்தவர்களைவிட, பத்துப் பதினைந்து வினாக்களை மனம் கோணாமல் விட்டவர்களுக்கே மற்றவற்றை நிதானமாகச் செய்ய நேரம் இருந்திருக்கும்.

உயிரியலை முதலில் முடித்துவிட வேண்டும் என்ற பொதுவான யோசனையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "50 நிமிடத்தில் முடி" என்பதைவிட "கடிகாரத்தில் மூன்று மணி ஆனதும் உயிரியலை விட்டு எழு" என்று சொல்வது பயன்தரும். தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. கைக்கடிகாரத்துக்கு அனுமதியில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். பதற்றத்தில் கழித்தல் கணக்குப் போடுவதைவிட முள் இருக்கும் இடத்தைப் பார்ப்பது எளிது. கூற்று-காரணம், பொருத்துக வகை வினாக்கள் நீண்டுகொண்டே போகும் இந்நாளில், இந்த எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாதவர் வேதியியலுக்கு வரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும்.

விடைக்குரிய வட்டங்கள் அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். வட்டத்துக்கு மூன்று நொடி என்று வைத்தாலும் 180 வட்டங்களுக்கு ஒன்பது நிமிடம் ஆகும். அந்த ஒன்பது நிமிடமும் மணி ஐந்தை நெருங்கும் வேளையில் வந்தால், ஒரு வரிசை தவறி அடுத்தடுத்த விடைகளெல்லாம் இடம் மாறிவிடும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவதே பாதுகாப்பு.

இழந்த நேரத்தின் விலை என்ன என்பதற்கு 2024-இல் அதிகாரப்பூர்வமாகவே ஒரு விடை சொல்லிப் பார்த்தார்கள். சில மையங்களில் தேர்வு நேரம் வீணானதாக 1,563 பேருக்கு, நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, இழந்த நேரத்தை மதிப்பெண்ணாக மாற்றும் ஒரு சூத்திரத்தின்படி கருணை மதிப்பெண் வழங்கியது. அதன் விளைவாக 718, 719 என்ற மதிப்பெண்கள் வெளிவந்தன. ஒரு வினாவை விட்டால் 716, ஒன்று தவறினால் 715 என்றிருக்கும் தேர்வில் இவை எப்படி வந்தன என்று நாடே கேட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் கருணை மதிப்பெண்கள் திரும்பப் பெறப்பட்டன; மறுதேர்வு அல்லது கருணை மதிப்பெண் இல்லாத பழைய மதிப்பெண், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஜூன் 23 அன்று நடந்த மறுதேர்வை 813 பேர் எழுதினர். சூத்திரம் தோற்றதில் எனக்கு வியப்பில்லை. தொடக்கத்தில் பறிபோன பத்து நிமிடமும், எளிய வினாக்களை எல்லாம் முடித்துவிட்ட பின் பறிபோன பத்து நிமிடமும் ஒரே விலை பெறுவதில்லை. அந்த மாணவர் எந்த வரிசையில் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரித் தேர்வுகளைக் காலையில் வைக்காமல் பிற்பகல் இரண்டு மணிக்கே, மே மாத வெயிலிலேயே வையுங்கள். முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், விட்டிருக்க வேண்டிய வினாக்கள் எவை என்று பிள்ளையையே தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் செலவழித்துச் சரியாகப் போட்ட கணக்கும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். "அதுதான் சரியாக வந்துவிட்டதே" என்று பிள்ளை வாதாடும். அப்போது, நேரமில்லாமல் தொடாமலே விட்ட கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் தெரிந்த வினாக்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.