கல்யாணத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

வலிப்பு இருப்பதை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எங்கள் சேலத்துப் பக்கம் இன்னும் நடக்கிறது. பின்னால் தெரிந்து சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வருவதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பெண் ஒளித்துவைத்து விழுங்கும் மாத்திரையைப் பற்றித்தான் கவலை. அது வால்ப்ரோயேட் என்ற மருந்தாக இருந்தால், வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம்.

நான் விலங்கியல் ஆசிரியை. கரு வளர்ச்சிப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவேன். ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக் கிடக்கிறது. அம்மாபேட்டைத் தறிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: இறுக்கிச் சுற்றிய கண்டிலிருந்து நூல் இளகி வராது. ஹிஸ்டோனின் வால்பகுதியில் அசிட்டைல் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டினால் சுற்று தளர்ந்து அங்குள்ள ஜீன் வேலை செய்யும், கழற்றினால் அடங்கும். கருவில் ஒரு செல் மூளைக்கும் இன்னொன்று ஈரலுக்கும் போவதற்கு இந்தத் திறப்பும் அடைப்பும் நாள் தப்பாமல் நடந்தாக வேண்டும்.

வால்ப்ரோயேட் வலிப்புக்கு நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அசிட்டைலைக் கழற்றும் நொதிகளை அது தடுக்கிறது என்று 2001இல் தெரியவந்தது. அடங்க வேண்டிய ஜீன்கள் அடங்காமல் போகின்றன. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பெரிய பிறவிக்குறை வருகிறது, சிலருக்கு முதுகுத்தண்டே மூடுவதில்லை. பேச்சிலும் படிப்பிலும் பின்தங்குபவர்கள் நூற்றுக்கு 30 முதல் 40 பேர். ஹிஸ்டோன் கணக்கு குலைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண் சந்தேகப்பட்டு, லீவு கேட்டு, பஸ் பிடித்து மலையிறங்குவதற்குள் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். அதனால்தான் கர்ப்பமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதுமே, மருந்துச் சீட்டோடு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வால்ப்ரோயேட்டுக்குப் பதிலாக லெவெடிரசெட்டமோ லாமோட்ரிஜினோ போன்ற வேறு வலிப்பு மருந்து இவளுக்கு ஒத்துவருமா, ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்கலாம் என்று நேரடியாகக் கேளுங்கள். மாப்பிள்ளையையும் கூட உட்காரவைத்தால் இன்னும் நல்லது.