காவலை நீட்டிக்க மட்டும் கம்ப்யூட்டர் உண்டு

அந்த மீம் எங்க குடும்ப குரூப்புக்கும் வந்து சேர்ந்துடுச்சு. கம்பிக்குப் பின்னால ஒருத்தர் லேப்டாப்போட உட்கார்ந்திருக்கார், கீழே "அடுத்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்பாரோ?" ஜெயில்ல இருக்கிற ஒருத்தர் தனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு கேட்டதைப் பத்தின கிண்டல், மூணு நாளா எல்லாரும் அதைத்தான் ஷேர் பண்றீங்க.

அந்த ஆள் கேட்டது என்னன்னு ஒருத்தராவது முழுசாப் படிச்சீங்களா? தன் மேல இருக்கிற சிவில் வழக்கைத் தானே நடத்திக்கணும், அதுக்கு டைப் அடிக்க ஒரு கம்ப்யூட்டர். படம் பார்க்க இல்லை. டைப் அடிக்க.

நான் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வச்சிருக்கிறவன். அதுக்கு முன்னாடி வக்கீல் குமாஸ்தா. ஒரு மனு எதுக்கெல்லாம் ரிட்டர்ன் ஆகும்னு எனக்குத் தெரியும். எதிர்தரப்புக்கு நகல் இல்லைன்னா ரிட்டர்ன், சொத்து விவரத்துல நாலு எல்லை இல்லைன்னா ரிட்டர்ன், எழுத்து புரியலைன்னா ரிட்டர்ன். வெளியில இருக்கிறவனுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம். எதிர்த்த கடையில திருத்தி, பிரிண்ட் எடுத்து, திரும்பப் போட்டுடலாம். உள்ளே இருக்கிறவனுக்கு?

எங்க சித்தப்பா கதையைச் சொன்னாத்தான் புரியும். ஊர்ல நடந்த ஒரு அடிதடியில ஒருத்தர் செத்துப் போனார். சித்தப்பா நாலாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல நாலாவது ஆள். ஜாமீன் கிடைக்காம ரெண்டு வருஷத்துக்கு மேல விசாரணைக் கைதி. கடைசியில விடுதலை. இடையில பெரியப்பா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். சித்தப்பா தன் சம்பாத்தியத்துல வாங்கின 40 சென்ட்டும் பூர்வீகச் சொத்துன்னு பட்டியல்ல ஏறிடுச்சு.

சம்மன் மட்டும் சரியா வந்துடும், அதுல ஒரு குறையும் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 5 விதி 24: பிரதிவாதி சிறையில இருந்தா சிறை அதிகாரி மூலமா சார்வு பண்ணணும், அதாவது அவர் கையில சேர்க்கணும். பண்ணிட்டாங்க. அன்னிலேருந்து 30 நாள்ல எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி எழுதிக் கொடுக்கிற பதில்), கோர்ட் மனசு வச்சா 90 நாள். சித்தப்பா 22 பக்கம் கையால எழுதினார். பால்பாயிண்ட் பேனா, ரெண்டு பக்கமும் எழுதி, மை அந்தப் பக்கம் ஊறி. அந்த 40 சென்ட்டோட பத்திர நம்பர் ஞாபகம் இல்லாம அந்த இடத்துல கோடு போட்டு விட்டிருந்தார். சர்வே நம்பர்ல 2பி-ங்கிறதை 2ஏ-ன்னு எழுதிட்டார். ரிட்டர்ன். அது சுத்தி அவர் கைக்குப் போறப்ப எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே, அதாவது இவர் பக்கம் கேட்காமலே தீர்ப்பு, ஆயிடுச்சு. அதை ரத்து பண்ண மனுப் போட 30 நாள். அதுவும் உள்ளேயே ஓடிப் போச்சு.

வெளியே வந்து 612 நாள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டோம். நான்தான் டைப் அடிச்சேன். "ஜெயில்ல இருந்தேன்"னா போதாதான்னு கேட்டார். காலவரையறைச் சட்டம் பிரிவு 6 சிறுவருக்கு, மனநிலை சரியில்லாதவருக்கெல்லாம் காலத்தை நீட்டிக் கொடுக்குது. அந்தப் பட்டியல்ல கைதி இல்லை சித்தப்பான்னு சொன்னேன். எதிர்தரப்பு பதிலுரை ஒரே வரி: சம்மன் முறையாகச் சார்வாகியுள்ளது. மனு தள்ளுபடி.

"இலவச வக்கீல் இருக்காங்களே?" இருக்காங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 காவல்ல இருக்கிற எவருக்கும் அந்த உரிமையைக் கொடுக்குது. நல்ல வக்கீல்களையும் பார்த்திருக்கேன். ஆனா ஜாமீன் மனுவுக்கே நேரம் பத்தாதவர் பாகப்பிரிவினைக்குத் தாய்ப்பத்திரம் தேடி அலைவாரா? நடக்கிற கதையைப் பேசுங்க.

"உள்ளேருந்து சாட்சியை மிரட்டுவான்." நெட் இல்லாம மிரட்ட முடிஞ்சா எனக்கும் சொல்லிக் கொடுங்க. வில்லங்கம் ஆன்லைன்ல பார்த்திருந்தா பத்திர நம்பர் கிடைச்சிருக்குமே, அப்ப நெட் வேணும்தானேன்னு பிடிச்சுக்குவீங்க. சரி, ஒரு வார்டர் உட்கார்ந்து பிரிண்ட் எடுத்துக் கொடுக்கட்டும். பேரறிவாளன் சிறையில இருந்தபடியே எம்சிஏ முடிச்சார். காவலை நீட்டிக்க வீடியோ கான்ஃபரன்ஸ் அங்கேயே நடக்குது. ஆளை உள்ளே வைக்க கம்ப்யூட்டர் உண்டு, அவன் எதிருரை அடிக்கக் கிடையாது!

"அமெரிக்காவுலயே கொடுக்கல"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அங்கத்த உச்ச நீதிமன்றத்தோட 1996 லூயிஸ் எதிர் கேஸி தீர்ப்பு அப்படித்தான். தண்டனையை எதிர்க்கவும், சிறை நிலைமையை எதிர்க்கவும்தான் அரசு வசதி பண்ணணும், மத்த வழக்கு நடத்த முடியாமப் போனா அது சிறையோட கூடவே வர்ற விளைவு. ரோடும் பள்ளிக்கூடமும் கேட்டா நம்ம ஊர் வேறங்கிறோம். இதுக்கு மட்டும் அமெரிக்கா.

"செத்தவங்க குடும்பத்தை யோசிச்சியா?" யோசிச்சேன். அந்த அம்மா முகம் எனக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா அந்த 40 சென்ட் அவங்களுக்குப் போகலையே. 2022 கடைசியில நாட்டுச் சிறைகள்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. தீர்ப்பே ஆகாதவங்க. சித்தப்பா மாதிரி.

"பவர் எழுதிக் கொடுத்திருக்கலாமே?" யாருக்கு? ஒரு அண்ணன் வாதி. இன்னொரு அண்ணன், எங்க அப்பா, ரெண்டாம் பிரதிவாதி. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தவர். நான் அப்ப குமாஸ்தா. சம்பளம் ஆறாயிரம். ரெண்டு வருஷத்துல ரெண்டே தடவைதான் போய்ப் பார்த்தேன். அதைப் பத்தி இங்க பேச வேண்டாம்.

மீமை குரூப்ல போட்டது பெரியப்பா பையன். மூணு சிரிப்பு வேற. சித்தப்பாவும் அந்த குரூப்ல இருக்கார். காலையில 7.12-க்குப் பார்த்துட்டார்னு காட்டுது. ஒண்ணும் போடல.