டெய்லர் கடையில் எதிர்காலம்

(சனிக்கிழமை மாலை. கல்லூரி மாணவி ஒருத்தி மூன்றாவது தடவையாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறாள்.)

மாணவி: அரே, அராஸ், அரா...

டெய்லர்: என்னம்மா, இந்தியில் திட்டுகிறாயா?

மாணவி: ஸ்பானிஷ் அண்ணா. திங்கட்கிழமை டெஸ்ட். 'அசேர்' என்றால் செய்வது. 'அரே' என்றால் செய்வேன். எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' உண்டு, வாயில் வராது.

டெய்லர்: எழுத்தில் உண்டு, நடைமுறையில் கிடையாது. ரசீதில் நாங்கள் போடும் டெலிவரி தேதி மாதிரி.

மாணவி: மற்ற வினைச்சொல் என்றால் முழுச்சொல்லோடு விகுதியை ஒட்டினால் போதும். 'அப்லார்' பேசுவது, 'அப்லரே' பேசுவேன். இதில் மட்டும் 'அசெரே' என்று வராமல் நடுவில் ஒரு துண்டைக் காணோம். இப்படி அடங்காதவை ஒரு 12 இருக்கின்றன.

டெய்லர்: லூசாக இருந்திருக்கும், பிடித்திருக்கிறான். கையையும் மாற்றினானா?

மாணவி: இல்லை. ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், எய்ஸ், ஆன். 12-க்கும் இதே 6 விகுதிதான். அதிலும் 'எய்ஸ்' ஸ்பெயினில்தான் வேண்டும். மெக்சிகோ பக்கம் 5 போதும்.

டெய்லர்: ஒரு பட்டன் மிச்சம். உடம்பை ஆல்ட்டர் செய்து, பழைய கையையே வைத்துத் தைத்திருக்கிறான். இதில் என்னம்மா கஷ்டம்?

மாணவி: இதை எங்கள் மிஸ் ஒரு வாரம் நடத்தினார்கள்!

டெய்லர்: அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்களா?

மாணவி: பேச்சில் பெரும்பாலும் 'வோய் ஆ அசேர்' என்பார்கள். செய்யப் போகிறேன்.

டெய்லர்: அது இரண்டாவது தடவை வருகிறவர்களுக்கு. முதல் தடவை 'தைப்பேன்'. இரண்டாவது தடவை 'தைக்கப் போகிறேன்'. மூன்றாவது தடவை...

மாணவி: எனக்கு இது மூன்றாவது தடவை அண்ணா. நாளைக்குக் காலையில் அக்காவுக்கு முகூர்த்தம்.

டெய்லர்: முடிந்திருக்கும்.

மாணவி: அய்யோ, அதுவும் பாடத்தில் இருக்கிறது! மணி சரியாகத் தெரியாவிட்டால் 'செரான் லாஸ் த்ரேஸ்' என்பார்கள், மூன்று மணி இருக்கும் என்று. பார்க்க எதிர்காலம், உள்ளே வெறும் குத்துமதிப்பு. நம் தமிழிலும் அப்படியேதான். உங்கள் 'முடிந்திருக்கும்' எந்த வகை?

(டெய்லர் காஜா பையனைப் பார்க்கிறார். காஜா பையன் ஃபேனைப் பார்க்கிறான்.)

டெய்லர்: குத்துமதிப்பு.

(துணிக் குவியலின் அடியிலிருந்து ப்ளவுஸ் வெளியே வருகிறது. ஒரு கை இருக்கிறது.)

மாணவி: இன்னொரு கை எங்கே?

டெய்லர்: அதுதான் எதிர்காலம். பதறாதே. 'செய்வோம்' என்பதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்?

மாணவி: (பல்லைக் கடித்துக்கொண்டு) அரேமோஸ்.

டெய்லர்: அது நாமா, நாங்களா?

மாணவி: ஸ்பானிஷில் அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. எதற்குக் கேட்கிறீர்கள்?

டெய்லர்: சும்மாதான். அரேமோஸ்! இப்போதே அரேமோஸ்!

மாணவி: அப்பாடா. நீங்களும் தம்பியும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இல்லையா?

டெய்லர்: அவன் 7 மணிக்கே கிளம்பிவிடுவான். (ஊசி, நூல், ஹூக் பாக்கெட் மூன்றையும் எடுத்து அவள் நோட்டின் மேல் வைக்கிறார்.) நான் சொன்னது 'நாம்', அம்மா. கையை நான் ஏற்றுகிறேன், ஹூக்கை நீ வை.