நடித்தது யார்?

(யாங்கோனில் ஒரு சின்னத் தையல் கடை. மெஷினில் மாமா. வாசலில் மருமகன்.)

மருமகன்: வெட்டிவிட்டார்கள் மாமா!

மாமா: கொண்டு வா, ஒட்டுப் போட்டுத் தருகிறேன். முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?

மருமகன்: பேண்ட்டை இல்லை, என்னை! படத்தில் என் பாகத்தை.

மாமா: அளவு எடுத்தானா?

மருமகன்: எடிட்டர் எங்கே அளவு எடுப்பான்? "படம் நீளம்" என்றான்.

மாமா: அளவே எடுக்காதவனுக்கு நீளம் எப்படித் தெரிந்தது?

மருமகன்: வட்ட ரயிலில் மூன்று நாள் ஷூட்டிங். ஒரு சுற்றுக்கு 39 ஸ்டேஷன். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுதேன். திரையில் மூன்றே செகண்ட். அதுவும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கை மட்டும்.

மாமா: தெருவையே படம் பார்க்கக் கூட்டிப் போனாயே!

மருமகன்: அத்தோ நூடுல்ஸ் வேறு வாங்கிக் கொடுத்தேன். "அதோ நம்ம பிள்ளை" என்று அத்தை எழுந்து நின்று கை தட்டினாள். அது டிக்கெட் பரிசோதகர்.

மாமா: கதாநாயகனை வெட்டவில்லையா?

மருமகன்: அவன் பிளாட்பாரத்தில் ஸ்லோமோஷனில் வருகிறான். செகண்டுக்கு 48 பிரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒரு நிமிட நடை இரண்டு நிமிடம்.

மாமா: அவனுக்கு மட்டும் துணியை இழுத்துத் தைத்திருக்கிறான். படம் நீளமாம்!

மருமகன்: பெரிய ஆளுக்கே நடந்திருக்கிறது மாமா. 1983-இல் 'தி பிக் சில்' படத்தில் ஹாலிவுட் நடிகர் கெவின் காஸ்ட்னரை வெட்டி, பிணமாக மட்டும் விட்டார்கள். முகம்கூடத் தெரியாது. பிணத்துக்கு உடுத்திவிடுவது மட்டும்தான் மிச்சம்.

மாமா: தையற்காரன் தப்பித்தான்.

மருமகன்: அதே இயக்குநர் 1985-இல் 'சில்வராடோ'வில் அவருக்கு நல்ல வேடம் கொடுத்தார்.

மாமா: வெட்டினவனுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. உன் ஆள் என்ன கொடுத்தான்?

மருமகன்: கடைசியில் 'நன்றி' என்று பெயர் போட்டானாம். அதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

மாமா: ஒரு சாண் துணி குறைந்தால் என்னைத் திருடன் என்கிறான் வாடிக்கையாளர். உன் மிச்சம் எங்கே? கேட்டாயா?

மருமகன்: ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதாம்.

மாமா: அளவும் எடுக்கவில்லை, மிச்சமும் தரவில்லை...

மருமகன்: விடுங்கள் மாமா.

மாமா: சரி, அந்தக் கை. நான் தைத்த நீலச் சட்டைதானே? காஜா தெரிந்ததா?

மருமகன்: காஜா, பட்டன் எல்லாம் பளிச்சென்று.

மாமா: அப்போ நடித்தது நான். சட்டைக்கூலிதான் நீ இன்னும் தரவில்லை, என் சம்பளத்தையாவது வாங்கிக் கொடு.