ஜெயித்த பிறகும் நூறு டர்ன்

"எக்ஸ்பான்ஷன் வாங்கினா கேம் இன்னும் நல்லா ஆகுமாடா?" என்று நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான். தள்ளுபடி முடிய இரண்டு நாள்தான் இருக்கிறதாம். ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்து ஏழு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். அவன் மூன்றாவதோடு நிறுத்தியிருப்பான் என்று சந்தேகம். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

எக்ஸ்பான்ஷன், அதாவது ஏற்கெனவே இருக்கும் கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பு, என்றாலே சேர்ப்பது. புது யூனிட், புது நாடு, திரையோரத்தில் இன்னொரு பொத்தான். ஆனால் ஸ்ட்ராட்டஜி கேம்களின் கடைசிக் கட்டத்தைப் பிடித்திருக்கும் நோயே அளவுக்கு மீறிச் சேர்ந்துபோனதுதான். அஜீரணத்தில் படுத்திருப்பவனுக்கு இன்னொரு இலை போடுகிற கதை. அப்படியிருந்தும் சில எக்ஸ்பான்ஷன்கள் கடைசிக் கட்டத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. அது எப்படி என்பதுதான் என்னை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். ஒரு நாட்டைப் பழங்காலத்திலிருந்து வளர்த்தெடுக்கும் கணினி கேமான சிவிலைசேஷன் 5, பத்தாவது டர்ன் (நாம் காய் நகர்த்தும் முறை). கையில் ஒரே ஒரு செட்லர், புது நகரம் நிறுவும் ஆள். ஆற்றங்கரையில் இறக்குவதா, இரண்டு கட்டம் தள்ளி மலையடியில் இறக்குவதா? ஐந்து நிமிடம் மேப்பை வெறித்துப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்டம், 240ஆவது டர்ன். 13 நகரம். டர்ன் பிறந்ததும் நான்கு நகரங்கள் "அடுத்து என்ன கட்டட்டும்?" என்று வரிசையில் நிற்கும். பட்டியலில் மேலே இருப்பதை அமுக்குவேன். என்ன அமுக்கினேன் என்று அடுத்த நொடி கேட்டால் தெரியாது. மேப்பின் ஒரு கட்டத்தில் ஒரு படை யூனிட்தான் நிற்க முடியும் என்பதால், மலை இடுக்கு வழியாகச் சேனையை நகர்த்துவது குறுகிய கதவு வழியே கட்டிலை வெளியே எடுப்பது மாதிரி. திருப்பு, சாய், பின்னால் போ. இத்தனைக்கும் யார் ஜெயிப்பார் என்பது 150ஆவது டர்னிலேயே தெரிந்துவிட்டது. ஆக, முடிவுகள் பெருகுகின்றன, அவற்றின் எடை குறைகிறது.

செஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், நேர்மாறு. 32 காய்களில் தொடங்கி, கடைசியில் இரண்டு ராஜாக்களும் நாலைந்து சிப்பாய்களும் மிஞ்சும்போது ஒரு கட்டம் தவறினால் ஆட்டமே போச்சு. அதுவரை மூலையில் ஒளிந்திருந்த ராஜா, நடுக்களத்துக்கு வந்து தானே சண்டை போடுகிறது. கடைசிக் கட்டத்துக்குத் தனிப் புத்தகங்களே எழுதும் அளவுக்கு அங்கே சரக்கு இருக்கிறது. காய் குறையக் குறைய யோசனை கூடுகிறது.

சரி, காப்பாற்றிய எக்ஸ்பான்ஷனுக்கு வருகிறேன். என் கணக்கில் முதலிடம் 2013இல் சிவிலைசேஷன் 5க்கு (சுருக்கமாக சிவ் 5) வந்த பிரேவ் நியூ வேர்ல்டுக்கு. அதற்கு முன்னால் சிவ் 5இல் கலாச்சார வெற்றி என்றால், ஐந்து கொள்கை மரங்களை (கிளைகிளையாக எடுக்கும் சலுகைகள்) நிரப்பிவிட்டு யுட்டோபியா ப்ராஜெக்ட் என்ற திட்டத்தைக் கட்டி முடிப்பது. உட்கார்ந்த இடத்தில் 'நெக்ஸ்ட் டர்ன்' அமுக்கினால் போதும், எதிராளி முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். புது விதியில் நம் சுற்றுலா ஈர்ப்பு, மற்ற ஒவ்வொருவரும் சேர்த்துவைத்த கலாச்சாரத்தைத் தாண்ட வேண்டும். அதில் ஒருவன் பிடிவாதமாக நிற்பான். அவனோடு வணிகப் பாதை போடணும், எல்லை திறக்கப் பேசணும், இசைக் கலைஞரைக் கப்பலேற்றி அவன் ஊரில் கச்சேரி நடத்தணும். கடைசி ஐம்பது டர்னில் ஒரே ஒரு எதிராளியைக் கரைப்பதற்காக நான் பட்ட பாடு, எந்தப் போரிலும் பட்டதில்லை.

அதைவிடப் பெரியது கருத்தியல். மூன்று தொழிற்சாலை கட்டினாலோ நவீன யுகத்தில் நுழைந்தாலோ சுதந்திரம், ஒழுங்கு, எதேச்சதிகாரம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் எடுப்பவருக்கு இரண்டு கோட்பாடுகள் இலவசம். ஒரு ஆட்டத்தில் அறிவியலில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். இலவசத்துக்கு ஆசைப்பட்டு முதல் ஆளாக சுதந்திரத்தை எடுத்தேன். கலாச்சாரத்தில் கொழுத்திருந்த அக்கம்பக்கத்து நாடுகள் இரண்டும் ஒழுங்கை எடுத்தன. அவ்வளவுதான், என் மக்கள் அங்கே பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். முதலில் முணுமுணுப்பு, பிறகு எதிர்ப்பு. மகிழ்ச்சிக் கணக்கு மைனஸில் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு டர்ன் அராஜகத்தைச் சகித்துக்கொண்டு கட்சி மாறுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதா? ஜெயித்தாயிற்று என்று கால் நீட்டி உட்கார்ந்தவனை எழுப்பி உட்காரவைத்த கேள்வி அது.

கவனித்தால், இதுவும் சேர்த்ததுதான். ஆனால் சேர்த்தது வேலையை அல்ல, சந்தேகத்தை. "யார் ஜெயிப்பார்" என்ற கேள்வியை மறுபடி திறந்துவிட்டது.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பிரேவ் நியூ வேர்ல்டு ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானே அரைமனதோடுதான் ஒப்புக்கொள்கிறேன். ஆற்றோரக் கட்டங்களில் கிடைத்துவந்த தங்கத்தை எடுத்துவிட்டு வணிகப் பாதைக்கு மாற்றினார்கள். ஆரம்பத்தில் கையில் காசே இராது, படை திரட்ட முடியாது. போதாததற்கு, வழக்கமான அளவு மேப்பில் ஒவ்வொரு புது நகரத்துக்கும் ஆராய்ச்சிச் செலவு 5 சதவீதம் ஏறும். விளைவு, எல்லோரும் நாலே நகரம் கட்டி, ட்ரெடிஷன் கொள்கையை எடுத்து, வாயை மூடிக்கொண்டு உட்காரும் ஆட்டமாக முன்பாதி சுருங்கிவிட்டது. பின்பாதியைத் தூக்கி நிறுத்த முன்பாதியில் செங்கல் உருவினார்கள். எனக்கு அந்தப் பேரம் சம்மதம். நாடு பிடித்தே ஆடிப் பழகிய பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்னும் ஆறாத புண்.

இதே அளவுகோலை அடுத்த பாகமான சிவ் 6இன் கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷனில் (2019) வைத்துப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. எண்ணம் அற்புதம். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கக் கடல் மட்டம் ஏறும், தாழ்வான கடற்கரைக் கட்டங்கள் படிப்படியாக மூழ்கும். நாம் செய்த பாவம் கடைசிக் கட்டத்தில் நம்மையே தேடி வரும். படிக்கும்போது புல்லரித்தது. விளையாடும்போது? தண்ணீர் ஏறும் வேளையில் முன்னணியில் இருப்பவனிடம்தான் தடுப்புச்சுவர் கட்ட வசதி இருக்கும். கட்டிவிடுவான். பின்தங்கியவன் மேலும் மூழ்குவான். ஜெயிப்பவன் மாறவில்லை, எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது பழுதுபார்க்கும் கிளிக்குகள்தான். வெள்ளத்தில் போன பண்ணையைச் சரிசெய், புயலில் போன சுரங்கத்தைச் சரிசெய். உலகக் காங்கிரஸ் வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் எதற்கு ஓட்டுப் போட்டேன் என்று படிக்காமலே போட்ட நாட்கள் உண்டு.

விண்வெளியில் பேரரசு கட்டும் ஸ்டெல்லாரிஸ் இதில் இன்னொரு ரகம். 2017இல் வந்த யுட்டோபியா எக்ஸ்பான்ஷன், சூரியனையே கூண்டில் அடைக்கும் டைசன் ஸ்ஃபியர் போன்ற ராட்சதக் கட்டுமானங்களைக் கொடுத்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதைக் கட்டி முடிக்கும் அளவுக்குக் கனிமம் சேர்ந்தவனுக்கு அதன் மின்சாரம் தேவையே இல்லை. ஜெயித்தவன் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் சிலை. அப்புறம் 2018 டிசம்பரில் மெகாகார்ப் எக்ஸ்பான்ஷனும் கூடவே 2.2 பேட்ச்சும் (கேமின் விதிகளையே மாற்றும் அப்டேட்). கிரகத்து மக்கள் ஒவ்வொருவருக்கும் வேலை ஒதுக்கிக் கணக்குப் போடும் முறை வந்தது. ஆட்டத்தில் 2400ஆம் ஆண்டைத் தொடும்போது பேரண்டமே நொண்டியடிக்கும். என் பழைய கணினியில் ஒரு மாதம் நகர்வதற்குள் பல் தேய்த்துவிட்டு வந்திருக்கிறேன். இதற்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதுதான் சுவாரசியம். 2021இல் நெமிசிஸ் எக்ஸ்பான்ஷனோடு வந்த 3.0 பேட்ச், மக்கள்தொகை பெருகும் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. 2025இல் 4.0, மக்களைத் தனித்தனியாக அல்லாமல் குழுக்களாகக் கணக்கெடுத்தது. கடைசியில் குறைத்துத்தான் சமாளித்தார்கள். அதே நெமிசிஸில் நாமே பேரண்டத்தின் பேராபத்தாக மாறும் வழியும் வந்தது. சாதுவாக இருந்த ஏஐ நாடுகள் எல்லாம் நம் மேல் பாய ஒரு காரணம் கிடைத்தது. அதற்கு ஒரு கும்பிடு.

அட்டை விளையாட்டுக்காரர்கள் இதைக் கணினிக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். காசு அட்டைகளால் புள்ளி அட்டைகளை வாங்கும் டொமினியனில், அதிகப் புள்ளி தரும் ப்ராவின்ஸ் அட்டைகளின் கட்டு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எனவே 8 காசு சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு ப்ராவின்ஸ் வாங்குவோம். 2010இல் வந்த ப்ராஸ்பெரிட்டி எக்ஸ்பான்ஷன் என்ன செய்தது? 11 காசுக்கு 10 புள்ளி தரும் காலனி, 9 காசுக்கு 5 காசு தரும் பிளாட்டினம். கடைசிக் கட்டத்தைப் பொறுத்தவரை ரெண்டே ரெண்டு கட்டு. இப்போது கையில் 9 காசு இருந்தால் வயிற்றைப் பிசையும். 6 புள்ளி ப்ராவின்ஸை இப்பவே எடுப்பதா, பிளாட்டினம் வாங்கிக் காலனிக்கு ஏணி போடுவதா? எதிரே இருப்பவர் ப்ராவின்ஸை வேகமாகக் காலி செய்தால் ஏணி அந்தரத்தில் நிற்கும். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள், ஓட்டமே மாறிவிட்டது.

செவ்வாயை வாழத்தக்க கிரகமாக்கும் போர்டு கேமான டெராஃபார்மிங் மார்ஸின் ப்ரெலூட் எக்ஸ்பான்ஷன் (2018) இன்னும் கெட்டிக்காரத்தனம். கடைசிக் கட்டத்தைத் தொடவே இல்லை. தொடக்கத்தில் நான்கு அட்டை கொடுத்து இரண்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மந்தமாக உருளும் முதல் சில தலைமுறைகள் (சுற்றுகள்) சுருங்கிவிடுகின்றன. களைப்பில்லாமல் முடிவுக்கு வந்து சேர்கிறோம். கடைசிக் கட்டம் சலிப்பதற்குப் பாதிக் காரணம், அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் போயிருப்பதுதானே!

"ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சா நிறுத்திட்டு அடுத்த ஆட்டம் போடு, இதுக்கு ஏன் எக்ஸ்பான்ஷன்?" என்று ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். ஆள் எதிரே உட்கார்ந்தால் கைகுலுக்கி முடித்துவிடலாம், சரி. தனியாக ஆடும்போது யாரிடம் கைகுலுக்குவது? ஆறு இரவு உட்கார்ந்து வளர்த்த ராஜ்ஜியத்தைப் பாதியில் விட மனசு வராது, முடிக்கப் பொறுமையும் வராது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான் சொல்கிறேன். 2025இல் வந்த சிவ் 7 இதற்குப் பயந்தே ஆட்டத்தை மூன்று யுகமாக வெட்டியது. பலர் ஆட்டத்தை முடிப்பதில்லை என்று உருவாக்கியவர்களே காரணம் சொன்னார்கள். என் ராஜ்ஜியத்தை நடுவில் பிடுங்கிவிட்டுப் புதுசாகத் தொடங்கு என்றால் அதுவும் கசக்கிறது. நமக்கு எதுவும் திருப்தியில்லை, அது வேறு.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடைசியாக ஆடிய ஆட்டத்தின் சேவ் எந்த டர்னில் நிற்கிறது? தேடிப் பார்த்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பதினெட்டு சேவ். அதிகபட்சம் 94ஆவது டர்ன். உனக்குக் கடைசிக் கட்டப் பிரச்சினையே இல்லை, நீ அந்தப் பக்கம் போனதே இல்லை, காசை மிச்சம் பண்ணு என்றேன்.

நேற்று ராத்திரி வாங்கிவிட்டானாம். புது நாட்டில் முதல் செட்லரை எங்கே இறக்கலாம் என்று மேப் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறான். ஆற்றங்கரையா மலையடியா என்று நானும் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.