வெள்ளைக்கழிச்சலுக்கு டெட்ராசைக்ளின் மருந்தல்ல

"கோழி வெள்ளையாகக் கழிந்தால் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள், தடுப்பூசியே வேண்டாம்" என்று பாகூர், பண்ருட்டி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. டெட்ராசைக்ளின் பாக்டீரியாவைத்தான் தாக்கும்; வைரஸை ஒன்றும் செய்யாது. நோய் வந்தபின் குணமாக்கும் மருந்து கிடையாது. சிலருக்கு மாத்திரை பலித்தது போலத் தோன்றக் காரணம் உண்டு: பாக்டீரியாவாலும் கழிச்சல் வரும், அது மருந்துக்குக் கேட்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் ராணிக்கெட்டாக இருக்கலாம். ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் என்ற வேறு நோய். அதற்கு மருந்து வேறு. பார்த்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். கண்டபடி கொடுக்கும் மாத்திரை முட்டையிலும் தங்கும், அதைச் சாப்பிடுவது நம் பிள்ளைகள்.

தடுப்பூசிதான் காப்பு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. நலமாக இருக்கும் கோழிக்கு மட்டும், வெயில் ஏறுமுன் போட வேண்டும்.

சீக்குக் கோழியை உடனே பிரித்து வையுங்கள். செத்ததை வாய்க்காலில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

சந்தேகம் இருந்தால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலோ, புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.