ரோபோ தானாக அறுவை செய்வதில்லை

"புராஸ்டேட் ஆபரேஷனை இப்போது ரோபோவே செய்துவிடும், மறுநாளே வேலைக்குப் போகலாம், பக்கவிளைவே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் விடுப்பு சொல்லாமல் போய்ப் படுத்துவிடக் கூடாது.

ரோபோ தானாக ஒரு தையல்கூடப் போடாது. கன்சோலில், அதாவது கட்டுப்பாட்டு மேசையில், உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் கை அசைவைத்தான் அது பின்பற்றுகிறது. வயிற்றில் சிறு துளைகள்தான் என்பதால் ரத்த இழப்பு குறைவு. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை சரி.

ஆனால் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) முழுதாக எடுத்தவர் சிறுநீர்க் குழாயோடுதான் வீடு திரும்புவார், பொதுவாக ஒரு வாரம் போல. தொடையில் பை கட்டியிருக்கும், கைலிதான் வசதி. குழாயை எடுத்த பிறகு இருமினால், தும்மினால் சொட்டும்; பலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பேட் தேவைப்படும். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியை அறுவைக்கு முன்பே பழகுங்கள். விறைப்புக் குறைவும் வரலாம். 2016ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரத்தில் இந்த இரண்டிலும் ரோபோ முறைக்கும் திறந்த அறுவைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மெடிசேவில் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு எடுக்கலாம் என்று விசாரிக்கும்போதே, "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் டாக்டர்?" என்றும் கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.